ஆனைக்கொய்யாக் கொட்டையும் பிரஷர் குளிசையும்

பல்லேகல கிரிக்கெட் மைதானத்துக்குப் பின்புறம் குடியிருக்கும் ஓர் அம்மா போன ஆனைக்கொய்யாப் பருவத்தில் என்னிடம் வந்தார். வயது அறுபத்திரண்டு. ஏழு வருடமாகப் பிரஷருக்குக் குளிசை எடுப்பவர். வழக்கமாக உட்கார்ந்ததும் கிளினிக் கொப்பியைத்தான் நீட்டுவார். அன்றைக்குக் கொப்பிக்கு முன்னால் ஒரு ஜாம் போத்தல் மேசைக்கு வந்தது. உள்ளே செங்கல்லை இடித்துப் போட்டது போல ஒரு தூள்.

“டொக்டர், கோவிச்சுக்கக் கூடாது. மூணு வாரமா குளிசைய நிப்பாட்டிட்டேன். இதத்தான் காலையில வெறும் வயித்துல அவிச்சுக் குடிக்கிறேன். பிரஷர் எறங்கியிருக்கு. எழுதி வச்சிருக்கேன், பாருங்க.”

தூள், ஆனைக்கொய்யாக் கொட்டை. கட்டாரில் வேலை செய்யும் மகன் வட்சப்பில் ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறான். வளவிலேயே மரம் நிற்கிறது. பழத்தைப் பேரப்பிள்ளைகள் தின்ன, அம்மா கொட்டைகளைப் பொறுக்கித் தோல் உரித்து, கரட் துருவியில் துருவி, முற்றத்தில் காயவைத்து அரைத்திருக்கிறார். ஒரு மேசைக்கரண்டித் தூளுக்கு ஒரு கோப்பைத் தண்ணீர். மகன் வாங்கிக் கொடுத்த பிரஷர் கருவியும் வீட்டில் இருக்கிறது. பேத்தியின் பழைய பயிற்சிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் திகதியும் எண்ணும் வரிசையாக இறங்கிவந்தன: 172, 168, 165, 158, கடைசியாக 150.

எழுதி வைத்துக்கொண்டு வருகிற நோயாளி மீது எனக்கு மரியாதை உண்டு. பட்டம் பெற்றவர்களே செய்யாத காரியம் அது. ஆகவே அவருடைய பக்கத்தை நான் ஒதுக்கவில்லை. கிளினிக் கொப்பியை எடுத்து அதன் அருகே விரித்து வைத்தேன். குளிசை எடுத்த முந்தைய மூன்று மாதங்களில் அவருடைய மேல் எண் 134, 130, 136.

அம்மா இரண்டு கொப்பிகளையும் மாறி மாறிப் பார்த்தார். “அப்ப இது கூடவா?” என்றார்.

கூடத்தான். நடந்ததை அவரிடமே கேட்டுக் கேட்டுக் கோர்த்தோம். வீடியோ வந்த அன்றே குளிசையை நிறுத்திவிட்டார். கொட்டை காய்ந்து தூளாக ஒரு வாரம் பிடித்தது. அந்த ஒரு வாரம் குளிசையும் இல்லை, கொட்டையும் இல்லை. பிரஷர் ஏறிவிட்டது. பின்னந்தலை கனக்க, பயந்துபோய்க் கருவியை எடுத்துக் கட்டிய நாளில் வந்ததுதான் 172. அதுதான் கணக்கின் முதல் வரி. பயந்த நாளில் எடுத்த எண் பெரும்பாலும் உச்சத்தில்தான் இருக்கும்; பிறகு எடுப்பதெல்லாம், ஒன்றுமே குடிக்காவிட்டாலும், கொஞ்சம் கீழேதான் வரும். படியேறி வந்த கையோடு, பேசிக்கொண்டே, கையைத் தொங்கவிட்டு எடுத்தால் ஓர் எண். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கையை நெஞ்சு மட்டத்தில் மேசைமேல் வைத்து எடுத்தால் வேறோர் எண். அம்மாவுக்கு நாளாக நாளாகக் கருவி பழகிவிட்டது, பயமும் தெளிந்துவிட்டது. இன்னொன்றையும் போகிற போக்கில் சொன்னார்: கருவாடும் ஊறுகாயும் ஆகாது என்று அந்த வீடியோ சொன்னதாம், அவற்றையும் விட்டுவிட்டாராம். அந்த வீடியோவில் உருப்படியாக இருந்த ஒரே புத்திமதி அதுதான். அது செய்த வேலைக்கும் சேர்த்துக் கொட்டை பெயர் வாங்கிக்கொண்டது.

இந்தக் கட்டுரையை எழுதக் காரணம் இந்த அம்மா ஒருவர் மட்டுமல்லர். கண்டியிலும் குண்டசாலையிலும் திகனயிலும் ஆனைக்கொய்யா மரம் இல்லாத வீட்டுத் தோட்டத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். காசு இல்லாமல் கிடைக்கும் கொட்டை, காசு இல்லாமல் கிடைக்கும் வீடியோ. கண்டி மலைப் பக்கத்தில் இந்த வைத்தியம் பரவ இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

கேட்டால் ‘பாட்டி வைத்தியம்’ என்கிறார்கள். எந்தப் பாட்டி என்பது என் கேள்வி. ஆனைக்கொய்யா மெக்சிக்கோ, மத்திய அமெரிக்கப் பக்கத்து மரம். ஐரோப்பியர் கப்பலில் ஊர் சுற்றிய பிறகே நம் கரைக்கு வந்தது. பெயரே அந்தக் கதையைச் சொல்லும். ஆங்கிலேயர் அதை முதலைப் பேரிக்காய் என்ற பொருளில் ‘அலிகேட்டர் பேர்’ என்றார்கள். அது சிங்கள வாயில் ‘அலிகெட்ட பேர’ ஆனது. சிங்களத்தில் ‘அலி’ என்றால் ஆனை, ‘பேர’ என்றால் கொய்யா. அதைக் கேட்ட தமிழர் ஆனைக்கொய்யா என்று மொழிபெயர்த்துவிட்டார்கள் என்பது என் ஊகம். முதலை ஆனையான கதை! சித்த ஏடுகளை எழுதியவர்களும் ஆயுர்வேத சங்கிதைகளைத் தொகுத்தவர்களும் இந்தப் பழத்தைக் கண்ணால் கண்டதில்லை. கொட்டைக்கு அவர்கள் அளவு சொல்லியிருக்க வழியே இல்லை.

நாட்டு வைத்தியத்தை இளக்காரமாகப் பேசுகிற மருத்துவன் அல்ல நான். பல்லேகலயிலேயே ஆயுர்வேத வைத்தியசாலை இருக்கிறது. அந்த வழியை நம்புகிறவர் போக வேண்டிய இடம் அதுதான். அங்கே படித்த ஒரு வைத்தியர் உங்கள் நாடியைப் பார்ப்பார், வயதைக் கேட்பார், வேறென்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று விசாரிப்பார், அளவு சொல்வார். மூன்று நிமிட வீடியோ உங்களிடம் எதையும் கேட்பதில்லை.

பிரஷருக்கு மூலிகையிலிருந்து மருந்து வந்ததே இல்லையா என்றால், வந்திருக்கிறது. அதுவும் நம் பக்கத்து மூலிகை. சர்ப்பகந்தி; சிங்களத்தில் ஏகவேரிய. பம்பாயில் இதய மருத்துவர் ருஸ்தம் வக்கீல் அதன் வேரைப் பிரஷர் நோயாளிகளுக்குக் கொடுத்து, யாருக்கு எவ்வளவு இறங்கியது என்று குறித்து, 1949இல் பிரித்தானிய இதய மருத்துவ சஞ்சிகையில் வெளியிட்டார். 1952இல் சுவிற்சர்லாந்தின் சீபா நிறுவன ஆய்வுகூடத்தில் அந்த வேரின் சத்தான ரெசர்பினைப் பிரித்தெடுத்தார்கள். ஒரு காலத்தில் உலகம் முழுவதும் பிரஷருக்குக் கொடுக்கப்பட்ட குளிசை அது. பிறகு அளவு கூடினால் மனச்சோர்வு வருகிறது என்று கண்டார்கள். அளவைக் குறைத்தார்கள், அதைவிட நல்ல மருந்துகள் வந்ததும் ஓரம் வைத்தார்கள். மூலிகை மருந்தாகும் பாதை இதுதான். யாரோ ஒருவர் உட்கார்ந்து அளக்க வேண்டும்; நன்மையை எழுதிய அதே கையால் தீமையையும் எழுத வேண்டும். ஆனைக்கொய்யாக் கொட்டைக்கு அந்தப் பாதையில் நடந்தது முதல் இரண்டு அடிதான். நைஜீரியாவின் நாட்டு வைத்தியத்தில் அதைப் பிரஷருக்குக் கொடுக்கும் வழக்கம் உண்டு. அதை வைத்து அங்குள்ள ஆய்வாளர்கள் 2009இலும் 2010இலும் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். எலிகளின் பிரஷர் இறங்கியது. மனிதருக்கு எவ்வளவு கொடுக்கலாம், எத்தனை நாள் கொடுக்கலாம், சிறுநீரகம் பழுதானவருக்கு என்ன ஆகும் என்பதற்கெல்லாம் எலி பதில் சொல்லாது. ஆனைக்கொய்யா விற்றுப் பிழைக்கும் கலிஃபோர்னியா விவசாயிகளின் ஆணைக்குழுவே கொட்டையைத் தின்னும்படி தாங்கள் சொல்வதில்லை என்கிறது. விற்கிறவன் வேண்டாம் என்று சொல்வது அபூர்வம். அதைக் காதில் போட்டுக்கொள்வது நல்லது.

விதை எதுவுமே பிரஷருக்கு உதவாது என்றும் சொல்லமாட்டேன். திராட்சை விதைச் சாற்றுக்கு ஓரளவு சான்று இருக்கிறது. கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் அதை ஆராய்ந்தவர்களில் திஸ்ஸ கப்பகொட, இந்திக எதிரிசிங்க முதலிய நம் நாட்டுப் பெயர்களும் உண்டு. அவர்கள் 2009இல் வெளியிட்ட சிறிய சோதனையில், ஒரு நாளைக்கு 150 அல்லது 300 மில்லிகிராம் என்று அளந்து நான்கு வாரம் கொடுத்தபோது பிரஷர் இறங்கியது. 2016இல் இப்படிப்பட்ட 16 சோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தவர்களுக்குக் கிடைத்த விடை: மேல் எண் சராசரியாக 6 இறங்கும். ஆறு என்பது வெறும் சைபர் அல்ல. ஆனால் 172 இருப்பவர் 166க்கு வந்து என்ன செய்ய? அதுவும் அது ஆய்வுகூடத்தில் சத்தைப் பிரித்து, தரம் பார்த்து அடைத்த வில்லை. கண்டிச் சந்தையில் வாங்கிய திராட்சையின் விதையைக் கடித்துத் துப்பாமல் விழுங்குவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அந்தத் தூளின் நிறத்துக்கு வருகிறேன். அம்மாவுக்குப் பெரிய நம்பிக்கை கொடுத்தது அதுதான். வெட்டிய உடனே கொட்டை தந்தம் போல வெள்ளையாக இருக்கும். துருவிக் காற்றுப் பட்டால் சில நிமிடத்தில் மஞ்சளாகி, செம்மஞ்சளாகி, பிறகு செங்கல் நிறத்துக்கு வந்துவிடும். “இரத்தம் மாதிரியே வருது டொக்டர், அதான் இரத்தத்துக்கு நல்லது” என்றார். வெட்டி வைத்த கத்தரிக்காய் கறுப்பதும் வாழைப்பூ கறுப்பதும் ஏறக்குறைய இதே வேலைதான். கொட்டையில் உள்ள துவர்ப்புப் பொருள்கள் காற்றோடு சேர்ந்து நிறம் மாறுகின்றன. தென் அமெரிக்காவில் ஸ்பானியர் இந்தக் கொட்டைச் சாற்றை எழுதும் மையாகவே பயன்படுத்தியிருக்கிறார்கள். துணியில் பட்டால் கறை போகாது. அம்மாவின் சேலைத் தலைப்பில் ஒரு பழுப்புப் பொட்டு இருந்தது, பார்த்தேன்.

அதே துவர்ப்புப் பொருள்கள் சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்தைக் குடல் உறிஞ்சாமல் பிடித்துவைக்கும். சாப்பாட்டோடு சாயத்தேத்தண்ணி குடிக்க வேண்டாம் என்று தோட்டத்துப் பெண்களிடம் ஓயாமல் சொல்வது இதற்காகத்தான். ஏற்கனவே இரத்தம் குறைந்தவர்கள் தேத்தண்ணிக்கு மேல் இதையும் காய்ச்சிக் குடித்தால் நட்டம் அவர்களுக்குத்தான்.

விதை என்றால் சாதுவான பொருள் என்று நம்மில் பலருக்கு நினைப்பு. மரத்தின் பக்கம் நின்று யோசித்துப் பாருங்கள். பழத்தைத் தின்னக் கொடுக்கிற மரம், விதையைத் தின்னக் கொடுப்பதில்லை. விதை அதன் பிள்ளை. பிள்ளையைக் காக்க அது கசப்பை வைக்கும், நஞ்சை வைக்கும். ஆனைக்கொய்யாவின் இலையிலும் தோலிலும் கொட்டையிலும் பெர்சின் என்றொரு பொருள் இருக்கிறது. இலையைத் தின்ற ஆடுகளுக்கு மடி வீங்கிப் பால் நின்றுபோகும், கூட்டுப் பறவைகள் செத்துப்போகும். அன்னமுன்னா விதையை அரைத்துப் பேன் கொல்லத் தலைக்குப் பூசியவர்கள், கண்ணில் பட்டுப் புண்ணாகி வந்த கதைகளைக் கண் மருத்துவர்கள் சொல்வார்கள். அதே குடும்பத்து முட்சீத்தாவில், சிங்களத்தில் கட்டு அனோதா என்பதில், நரம்பைத் தாக்கும் அனோனாசின் இருக்கிறது. கரீபியன் கடலின் குவாதலூப் தீவில் அந்தப் பழத்தையும் இலைக் கசாயத்தையும் வழக்கமாக உட்கொண்டவர்களிடம் மருந்துக்குக் கட்டுப்படாத ஒருவகைப் பார்க்கின்சன் நோய் கூடுதலாக இருப்பதை 1999இல் லான்செட் சஞ்சிகை வெளியிட்டது. பப்பாளி விதைச் சாற்றைக் கொடுத்த ஆண் லங்கூர் குரங்குகளுக்கு விந்தணுவே இல்லாமல் போனதை ஜெய்ப்பூரில் கண்டுபிடித்தார்கள். பலாக்கொட்டையை நான் இந்தக் கூட்டத்தில் சேர்க்கவில்லை. தலைமுறை தலைமுறையாக அவித்தும் சுட்டும் கறிவைத்தும் தின்று பார்த்த கொட்டை அது. அதைச் சாப்பாடு என்று தின்கிறோம், மருந்து என்று அல்ல. அப்படியே இருக்கட்டும்.

இயற்கையானது எதுவும் கேடு செய்யாது என்று வாதாடுகிறவர்களுக்குப் பதில் சொல்லத் தொலைவில் உதாரணம் தேட வேண்டியதில்லை. காமரங்காயை எல்லோரும் அறிவோம். சுகருக்கும் பிரஷருக்கும் நல்லது என்று சாறு பிழிந்து குடிக்கிறவர்கள் இங்கே நிறையப் பேர். பேராதனை, கண்டி மருத்துவர்கள் 2015இல் இரண்டு நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். ஒருவர் சுகர் உள்ளவர், சிறுநீரகம் நன்றாக இருந்தவர். ஒரே தடவையில் அளவுக்கு மீறிக் காமரங்காய் உட்கொண்டு சிறுநீரகம் திடீரெனச் செயலிழந்து வந்தார். மற்றவர் நெடுநாள் தொடர்ந்து தின்றவர். அவருக்கு அது நாட்பட்ட சிறுநீரக நோயாகிவிட்டது. சிறுநீரகத்தில் ஊசியால் எடுத்த துணுக்கை நுண்ணோக்கியில் வைத்தபோது ஒக்சலேட் பளிங்குகள் அடைத்துக் கிடந்தன. அதன் உறவுக்காரியான பிலிம்பிக்காய், நம்மவர் பிலிங் என்பது, கேரளத்தில் கொலஸ்ட்ரோலைக் குறைக்குமென்று சாறாகக் குடிக்கப்பட்டது. 2013இல் அங்கே பத்துப் பேரின் கதை வெளியானது. பத்தில் ஏழு பேருக்கு இரத்தச் சுத்திகரிப்புத் தேவைப்பட்டது. இவை நஞ்சுக் காய்களா? இல்லை. ஒரு துண்டு தின்றால் பழம். மருந்து என்று நினைத்து, வெறும் வயிற்றில், கோப்பை கோப்பையாகக் குடித்தால் கதை வேறு.

பல்லேகல வழியாகப் போகும் மஹியங்கனை வீதியில் எந்தக் காலைப் பஸ்ஸிலும் கிராந்துருகோட்டைப் பக்கத்திலிருந்து கண்டிக்கு வரும் சிறுநீரக நோயாளிகளைப் பார்க்கலாம். பிரஷர் உள்ளவருக்குச் சிறுநீரகம் பழுதாவதும், சிறுநீரகம் பழுதானவருக்குப் பிரஷர் ஏறுவதும் ஒரே சங்கிலி. பழுதான சிறுநீரகத்தால் பொட்டாசியத்தை வெளியேற்ற முடியாது. லொசார்ட்டன், எனலாப்ரில் போன்ற பிரஷர் குளிசைகளும் இரத்தத்தில் பொட்டாசியத்தைக் கொஞ்சம் ஏற்றிவைக்கும். அதற்கு மேல் விதையென்றும் இலையென்றும் காய்ச்சிக் குடித்துப் பொட்டாசியம் மிஞ்சினால், இதயத்துடிப்பு தடுமாறும். அது வலிக்காது, முன்கூட்டிச் சொல்லிக்கொண்டும் வராது.

இவ்வளவுக்கும் பிறகு என் அச்சம் கொட்டையைப் பற்றியதல்ல என்று சொன்னால் வாசகருக்கு வியப்பாக இருக்கும். ஒரு கரண்டித் தூள் யாரையும் உடனே கொன்றுவிடாது. கொல்வது குளிசை இல்லாத நாட்கள். ஒரு கையும் காலும் விழுந்து, வாய் கோணி, பேச்சுப் போய் வார்ட்டுக்கு வருகிற பாரிசவாத நோயாளியின் வீட்டாரிடம் “குளிசை ஒழுங்காக எடுத்தாரா?” என்று கேட்கும்போது கிடைக்கும் மௌனம் எனக்கு நன்றாகப் பழக்கம். அந்த மௌனத்துக்குப் பின்னால் சில வேளை ஒரு கசாயம் இருக்கும், சில வேளை ஒரு கொட்டை, சில வேளை ‘சுகமாகத்தானே இருந்தார்’ என்ற வெறும் எண்ணம். பிரஷரின் சூழ்ச்சியே அதுதான்: ஏறியிருக்கும்போதும் சுகமாக இருக்கும், இறங்கியிருக்கும்போதும் சுகமாக இருக்கும். அதனால் எதைக் குடித்தாலும் கேட்கிறது போலவே தோன்றும்.

2021இல் நாடு தழுவி எடுத்த தொற்றா நோய்க் கணக்கெடுப்பில் வளர்ந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு உயர் குருதி அமுக்கம் இருந்தது. மூன்று பேர் உட்காரும் பஸ் இருக்கையில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இத்தனை பேருக்கும் அரச வைத்தியசாலையில் குளிசை இலவசம். பிறகும் ஏன் கொட்டை?

ஏனென்றால் கொட்டை வரிசையில் நிற்கச் சொல்வதில்லை. கிளினிக் நாள் என்றால் விடியற்காலை ஐந்து மணிக்கு வீட்டை விட்டுப் புறப்பட வேண்டும், இலக்கம் எடுக்க வேண்டும், காத்திருந்து டொக்டரைப் பார்க்க இரண்டு நிமிடம், பிறகு மருந்து வரிசை. தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவருக்கு ஒரு நாள் சம்பளம் போச்சு. 2022 நெருக்கடியில் மருந்தே இல்லாமல் போனதையும் நாம் மறக்கவில்லை. அந்த மார்ச் மாதம் பேராதனை போதனா வைத்தியசாலையில் வழக்கமான சத்திரசிகிச்சைகளையே நிறுத்திவைக்க வேண்டி வந்தது. அப்போது குளிசையைப் பாதியாக உடைத்து எடுத்தவர்களை, ஒருநாள் விட்டு ஒருநாள் எடுத்தவர்களை எனக்குத் தெரியும். மருந்து திரும்பி வந்துவிட்டது. உடைத்து எடுக்கும் பழக்கம் சிலரிடம் போகவேயில்லை. கொட்டை மேல் வைக்கும் நம்பிக்கை அறியாமையால் மட்டும் வந்ததல்ல. எங்கள் கிளினிக்குகள் விட்ட இடைவெளியில் முளைத்தது அது.

அந்த இடைவெளியை அடைக்க வழி இந்த நாட்டிலேயே சோதித்துப் பார்க்கப்பட்டிருக்கிறது என்பதுதான் எனக்கு ஆற்றாமையைத் தருவது. ட்ரயம்ப் என்ற ஆய்வில் இலங்கையின் வைத்தியசாலைக் கிளினிக்குகளில் 700 பேரைச் சேர்த்தார்கள். பாதிப் பேருக்கு டெல்மிசார்ட்டன், அம்லோடிபின், குளோர்தாலிடோன் மூன்றையும் குறைந்த அளவில் சேர்த்த ஒரே குளிசை. மற்றப் பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. ஆறு மாதத்தில் ஒரே குளிசை எடுத்தவர்களில் 70 விழுக்காட்டினரின் பிரஷர் கட்டுப்பாட்டுக்குள் வந்தது, மற்றவர்களில் 55. ஒரே குளிசை எடுத்தவர்களிடம் 154ஆக இருந்த சராசரி மேல் எண் 125க்கு இறங்கியது. 2018இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகை அதை வெளியிட்டது. இரண்டு வருடம் கழித்து, இலங்கை, பாகிஸ்தான், வங்கதேசம் மூன்றிலும் நடந்த கோப்ரா ஆய்வின் முடிவு வந்தது. அதில் குடும்ப சுகாதாரப் பணியாளர்கள், இங்கே நாம் மிட்வைஃப் என்று கூப்பிடுகிறவர்கள், வீட்டுக்கே போய்ப் பிரஷர் பார்த்தார்கள், உப்பைப் பற்றிப் பேசினார்கள், பிரஷர் கூடியிருந்தவர்களைக் கிளினிக்குக்கு அனுப்பினார்கள். இரண்டு வருட முடிவில், அப்படிப் போகாத ஊர்களைவிட மேல் எண் ஐந்து அலகு அதிகமாக இறங்கியிருந்தது. ஒருவருக்கு வருடத்துக்குப் பதினொரு டொலருக்கும் குறைந்த செலவு.

ஒரே குளிசை, ஒரு வீட்டு வருகை. இதில் எதுவும் ஆகாயத்திலிருந்து விழ வேண்டியதில்லை. பேராதனை மருத்துவ பீடத்தின் பீடாதிபதியாக இருந்த சேனக பிபிலே, 1971இல் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவராகி, விளம்பரப் பெயரை விட்டு மருந்தின் சொந்தப் பெயரில் மலிவாக வாங்கும் வழியை உலகத்துக்கே காட்டிய நாடு இது. அந்த நாட்டில் ஒரு பிரஷர் நோயாளி மாதம் தவறாமல் ஒரு நாள் சம்பளத்தை இழந்துதான் குளிசை வாங்க வேண்டுமா? பிரஷர் நிலையாக இருப்பவருக்கு இரண்டு மாதக் குளிசையைச் சேர்த்துக் கொடுங்கள். தோட்டத்து மருந்தகத்திலும் கிராமத்து நிலையத்திலும் ஒழுங்காக அளக்கும் கருவி ஒன்று இருக்கட்டும். சுகாதார அமைச்சிடமும் மாகாணசபையிடமும் கேட்பது இவ்வளவுதான். மாகாண சபையின் கட்டடம்கூடப் பல்லேகலயில்தான் இருக்கிறது; அம்மா வீட்டிலிருந்து அதிக தூரமில்லை.

பழத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஆனைக்கொய்யாவில் பிரஷருக்கு நல்லது சதையில் இருக்கிறது. நூறு கிராமில் ஏறத்தாழ 485 மில்லிகிராம் பொட்டாசியம், வாழைப்பழத்தைவிடக் கூடுதல். நல்ல கொழுப்பும் உண்டு. சிறுநீரகம் சரியாக இருப்பவர் தாராளமாகத் தின்னலாம். நாமோ சதையில் சீனியைக் கொட்டி, டின்பாலை ஊற்றி, பிசைந்து பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, கொட்டையை மருந்தென்று எடுத்துவைக்கிறோம். கண்டி பஸ் நிலையத்தருகே தள்ளுவண்டியில் அம்பரலங்காய்க்கும் மாங்காய்க்கும் அன்னாசிக்கும் உப்பும் மிளகாய்த்தூளும் போட்டுக் கலக்கித் தருகிறார்களே அச்சாறு, அதை ஒரு பேப்பர் சுருளில் வாங்கித் தின்றுகொண்டே ‘பிரஷருக்கு எந்தக் கொட்டை நல்லது டொக்டர்’ என்று கேட்டவர் ஒருவர் இருக்கிறார். என் சொந்த மைத்துனர்தான். ஒரு நாளைக்கு ஐந்து கிராமுக்குக் கீழே, ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாக, எல்லாம் சேர்த்து அவ்வளவுதான் உப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்தச் சுருளோடும் மத்தியானத்துக் கருவாட்டுக் கறியோடும் என் மைத்துனரின் கணக்கு முடிந்துவிடும்.

அம்மா அன்றைக்கே குளிசையை மறுபடி தொடங்கினார். நான் அவரைத் திட்டவில்லை. ஒன்று மட்டும் கேட்டேன், கருவாட்டை விட்டதை விட்டதாகவே வைத்துக்கொள்ளும்படி. கொட்டைத் தூளைக் கொட்டிவிடச் சொன்னதற்கு மட்டும் முகம் சுருங்கியது. அரைத்த கை நோவு அவருக்குத்தானே தெரியும். அடுத்த மாதக் கொப்பியில் 132.

இதை வாசிக்கிறவர்களில் ஏதாவது ஒரு கொட்டையை, இலையை, பட்டையைப் பிரஷருக்கென்று காய்ச்சிக் குடிக்கிறவர்கள் இருப்பீர்கள். குளிசையை நிறுத்தியிருந்தால் இன்றைக்கே தொடங்குங்கள். அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது அந்தப் போத்தலையும் கையோடு எடுத்துப் போய், ஒளிக்காமல் டொக்டரின் மேசையில் வையுங்கள். கோபித்துக்கொள்கிற டொக்டர் என்றால் அவர் கோபித்துக்கொள்ளட்டும்.

(கட்டுரையாளர், கண்டி மாவட்டத்தில் பணியாற்றும் பொது மருத்துவ நிபுணர்)